கோட்டு மேசை

கிளாஸ்கோவில் மழை மேலிருந்து விழுவதில்லை.
பக்கவாட்டில் வரும், கடன் கொடுத்தவனைப் போல,
எந்தத் தெருவில் திரும்பினாலும்
முகத்துக்கு நேரே.
அதனால் எங்கள் நிலவறையில்
முதலில் கோட்டு மேசை.
அப்புறம் தேநீர்.
அதற்கும் அப்புறம்தான் படிவங்கள்.
(இந்த வரிசைக்காக இஸபெல்
ஒரு கமிட்டிக் கூட்டத்தில் மேசையைத் தட்டியிருக்கிறாள்.)

செவ்வாய்தோறும் கதவு திறக்குமுன்
கோட்டுப் பைகளை நான் காலி செய்ய வேண்டும்.
கொடுப்பவர்கள் பார்த்துக் கொடுப்பதில்லை.
பாதி சினிமா டிக்கெட், நாய் பிஸ்கட்,
"பால், பல்பு, அம்மாவுக்குப் போன்" என்றொரு சீட்டு.
ஒருமுறை பல்செட்.
அம்மாவுக்குப் போன் செய்தார்களா என்று
அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

தெஸ்ஃபாலெம் வந்தது நவம்பரில்,
ரப்பர் செருப்போடு.
ஹோட்டல் என்று சொல்லப்படுகிற இடத்தில்
நான்கு பேருக்கு ஓர் அறை;
உள்ளே தாழ்ப்பாள் கிடையாது.
சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு கொடுத்தேன்.
தோள் கொஞ்சம் பெரிது.
கண்ணாடியில் தன்னைப் பார்த்து
"வக்கீல்" என்றான் ஆங்கிலத்தில்.
அவனுக்கு இன்னும் வக்கீல் கிடைத்திருக்கவில்லை.
அவன் சிரித்த பிறகுதான் நாங்கள் சிரித்தோம்.

அடுத்த செவ்வாய்
வரிசையில் முதல் ஆளாக நின்றான்.
உள்ளங்கையில் ஒரு சாவி.
பித்தளை, சிவப்பு நூல் கட்டியது.
பையின் அடி கிழிந்து, உள்துணிக்குள் இறங்கி,
கோட்டின் ஓரத்தில் கிடந்திருக்கிறது.
என் விரல்களுக்குத் தப்பியது.
நன்றி சொல்லி இழுப்பறையைத் திறந்தேன்.
அவன் சாவியைத் தரவில்லை.

போனில் மொழிபெயர்ப்பாளரை அழைத்தோம்.
எந்த ஊரிலோ ஒரு பெண் குரல்,
பின்னால் கெட்டில் கொதிக்கும் சத்தம்.
திக்ரின்யாவில் நெடுநேரம் பேசினான்.
அவள் சுருக்கமாகச் சொன்னாள்:
"இந்த வீட்டுக்காரர் இப்போது எங்கே நிற்கிறார்
என்று கேட்கிறார்."
தெரியாது, வேறு சாவி செய்திருப்பார் என்றேன்.
கெட்டில் அணைந்தது.
"அதுவரை மழையிலா என்று கேட்கிறார்."

பேருந்துக் கட்டணத்துக்கு எங்களிடம் படிவம் உண்டு.
பல்வலிக்கு உண்டு.
குழந்தையின் பள்ளிச் சீருடைக்கு,
மூன்று பிரதிகளில், உண்டு.
திருப்பிக் கொடுக்க வந்தவனுக்கு இல்லை.
இஸபெல் ஓர் அட்டையில் எழுதினாள்:
சாவி கிடைத்தது. பித்தளை. சிவப்பு நூல்.
அறிவிப்புப் பலகையில் ஆணி அடித்து
அவனே மாட்டினான்.

பிறகு எல்லாச் செவ்வாயும்
முதலில் பலகை, பிறகுதான் தேநீர்.
ஆங்கில வகுப்பில்
தட்டாமல் அவன் வாசித்த முதல் வாக்கியம்
அந்த அட்டையில் இருந்ததுதான் என்றாள் மரீட்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய் அவன் வரவில்லை.
அதே அறையில் இருந்த ஹேமின் சொன்னான்:
காலை ஆறு மணிக்கு வேன்,
ஆளுக்கு ஒரு பை,
வேறு நகரம்.
பெயர் சொன்னார்களாம்;
ஹேமின் வாயில் அது நிற்கவில்லை.
எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.
கோட்டைப் போட்டுக்கொண்டு போனானா என்று கேட்டேன்.
கேட்க வேறு எவ்வளவோ இருந்தது.

சாவியைத் தேடி ஒருவரும் வரவில்லை.
அட்டையின் மூலை சுருண்டுவிட்டது,
அதன் மேல் யோகா வகுப்பு நோட்டீஸ் ஒன்று
பாதி ஏறி உட்கார்ந்திருக்கிறது.
சொல்ல வெட்கமாக இருக்கிறது:
ஒரு நாள் அதை எடுத்துப் போய்
என் வீட்டுக் கதவிலேயே போட்டுப் பார்த்தேன்.
நுழைந்தது.
திரும்பவில்லை.
தூறலில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்,
என் சாவி என் கைப்பையில் இருக்க.

இன்று பதினொரு கோட்டுகள் வந்திருக்கின்றன.
ஒன்றில் பூனை முடி.
இப்போதெல்லாம் உள்துணியையும்
ஓரம் வரை தடவிப் பார்க்கிறேன்.
வெளியே வரிசை படிக்கட்டுவரை ஏறிவிட்டது.
இஸபெல் கேட்கிறாள், திறக்கலாமா என்று.