மீதிப் பதினைந்து பாகை

நெமேசியோ உவென்சுமான்.
கொள்கலன்களைக் கப்பலோடு பிணைத்துக் கட்டுகிற வேலை.
வலது தோள். அறுவை முடிந்து ஆறாவது வாரம்.

சான் அந்தோனியோ துறைமுகத்துக்கு மேலே
மேட்டுத் தெருவில் எங்கள் சிகிச்சைக் கூடம்.
சன்னலோரம் படுத்தால் பாரந்தூக்கிகள் தெரியும்.
அவன் சுவரைப் பார்த்த கட்டிலைக் கேட்டு வாங்கினான்.

முதல் நாள் கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன்.
நாற்பத்தைந்து பாகை.
கோணமானியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான்,
கடன் கொடுத்தவரிடம் தவணை கேட்பவன் மாதிரி.
"சட்டை போட முடிகிறதா?"
"மனைவி போட்டுவிடுகிறாள்."
"தலை வார?"
"வார என்ன இருக்கிறது, சென்யோரா?"
இடது கையால் வழுக்கையைத் தடவிக்கொண்டான்.

அவன் வேலையின் அளவுகள் என் மேசையில் இருக்கின்றன:
கம்பி நாலரை மீட்டர்,
பதினெட்டுக் கிலோ,
தலைக்கு மேல் ஏந்தி மூலைத் துளையில் மாட்ட வேண்டும்,
ஒரு ஷிப்டுக்கு நூறு தடவை,
மழையிலும்.
மழைக்கு மட்டும் எண் போடவில்லை.

கப்பியில் கயிறு. சுவரில் துண்டை மேலே மேலே தேய்ப்பது.
பிறகு வாளியில் மணல், ஒரு குவளை, இரண்டு குவளை.
எழுபது. எண்பத்தொன்று. தொண்ணூற்றிரண்டு.
ஒரு வாரம் முழுக்கத் தொண்ணூற்றிரண்டிலேயே நின்றது.
அந்த வாரம் அவன் என்னோடு பேசவில்லை.
மீன் ஆலையிலிருந்து வந்த ஒதிலியா,
இரண்டு விரல்கள் ஒட்டவைக்கப்பட்டவள்,
களிமண்ணைப் பிசைந்தபடி
எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பேசினாள்.

பதினான்காவது வாரம்
பின்முற்றத்தில் பழைய கொள்கலனின் கதவொன்றை நிறுத்தி
நிஜக் கம்பியைக் கொடுத்தேன்.
ஏந்தினான். மாட்டினான். கழற்றினான்.
நூற்று ஐம்பது பாகை இருக்கும், நான் அளக்கவில்லை,
பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.
ஏழாவது தடவை கம்பி வழுக்கிச் சிமெண்டில் விழுந்தது.

கூடத்தில் எல்லாக் கைகளும் நின்றன.
அவன் கொள்கலன் கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தான்.
"வலிக்கிறதா?"
"இல்லை."
"பத்துக்கு எத்தனை?"
"பூஜ்யம்."
தூக்கச் சொன்னேன். நாற்பத்தைந்து.

"அன்றைக்கும் சத்தம்தான் முதலில் வந்தது" என்றான்,
"தோள் பிறகுதான்."

என் படிவத்தில் சத்தத்துக்குக் கட்டம் இல்லை.
'இதர' என்ற இடத்தில் 'கம்பி' என்று எழுதினேன்.
காப்பீட்டுக்காரரிடம் இன்னும் இரண்டு வாரம் கேட்டேன்.
நான்கு நாள் கொடுத்தார்.

நான்கு நாளும் கம்பியைப் போட்டது நான்.
முதலில் பாயின் மேல், கணுக்கால் உயரத்திலிருந்து.
பிறகு முழங்கால். பிறகு இடுப்பு. பிறகு வெறும் சிமெண்ட்.
எப்போது என்று அவன் சொல்வான்.
"விடு."
விடுவேன்.
"விடு."
பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டித் திட்டினார்.
எனக்கும் ஒரு தடவை கொடு என்று ஒதிலியா வந்தாள்;
எட்டு விரலால் பிடித்து
முழுப் பலத்தோடு போட்டுவிட்டுச் சிரித்தாள்.
அந்த ஒன்றுக்கு மட்டும் அவன் கண்ணை மூடவில்லை.

வெள்ளிக்கிழமை நூற்று அறுபது.
இடது தோள் நூற்று எழுபத்தைந்து போகும்.
"மீதிப் பதினைந்து எங்கே?" என்று கேட்டான்.
தெரியாது என்றேன்.
'பணிக்குத் தகுதி' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
சட்டையைத் தானே போட்டுக்கொண்டு
மேட்டிலிருந்து இறங்கிப் போனான்,
சன்னல் பக்கம் திரும்பாமல்.

இப்போது இரவுகளில் கப்பல் வந்தால்
என் வீடு வரைக்கும் கேட்கிறது,
கம்பி மேல் கம்பி.
அதில் அவனுடையது எது என்று பிரிக்க முடியவில்லை.
ஒவ்வொன்றுக்கும்
படுக்கையில் என் வலது தோள் காது வரை ஏறிவிடுகிறது.
இறக்கி வைக்கிறேன்.
அடுத்தது விழுகிறது.