ஒன்பதாவது கொலைக்கான போர்வை

லாடிஸ்லாவோ குர்பேலோவுக்கு இதுவரை
எட்டுக் கத்திகள் செய்து கொடுத்திருக்கிறேன்.
எல்லாம் ரப்பர்.
பல்துலக்கியைத் தேய்த்துக் கூராக்கினதுபோல ஒன்று,
கட்டில் கம்பிபோல ஒன்று,
மூன்றாம் சீசனில் பாதிரியாருக்காக
கோழியெலும்புபோல ஒன்று.
செத்தவன் பெயரைச் சீட்டில் எழுதிக்
கத்தியோடு நூலால் கட்டி
இழுப்பறையில் போட்டுவைப்பேன்.
தயாரிப்பு அலுவலகத்தில் கணக்குக் கேட்பார்கள்.

மொந்தேவிதேயோவில், செர்ரோ குன்றுக்குக் கீழே
மாடறுப்பு நின்றுபோன ஆலைதான் எங்கள் சிறை.
கொக்கிகள் இன்னும் தொங்குகின்றன.
இருக்கட்டும் என்றார் இயக்குநர்,
காசில்லாமல் கிடைக்கிற பயம்.

ரத்தம் என் சமையல்:
பீட்ரூட் சாறு, சோளப்பாகு,
காய்ந்தால் பழுப்பேற
ஒரு சிட்டிகை மாத்தே இலைத் தூள்.
படப்பிடிப்புக்கு எல்லாருக்கும் முன்னால்
எறும்புகள் வந்துவிடும்.

குர்பேலோவாக நடிக்கிற வால்டெமார்
மீன்முள்ளுக்குப் பயந்தவர்.
ஊசி போட்டால் மயங்கி விழுகிறவர்.
பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை
கடைசி நிறுத்தம்வரை காலியாகவே போகும்.
ரொட்டிக்கடைக்காரி ஒருமுறை
மீதிச் சில்லறையை அவர் கையில் தராமல்
மேசைமேல் வைத்து ஒரு விரலால் தள்ளினாளாம்.
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
அந்தச் சிரிப்பும் இப்போது
குர்பேலோவுடையதாகிவிட்டிருந்தது.

ஒன்பதாவது ஆள், அறையில் கூட இருக்கிற பையன்.
திரைக்கதையில் அதற்கு ஒரே வரி:
குர்பேலோ முடிக்கிறான்.
கண்ணை உருட்டிப் பார்த்தார் வால்டெமார்.
பல்லைக் கடித்துப் பார்த்தார்.
காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தும் பார்த்தார்.
ஆறாவது டேக்கில் எல்லாருக்கும் பசி.

காவலர் உடுப்பில் சுவரோரம் நிற்பவர் எலூதேரியோ.
நாள்கூலி. மூன்று சீசனாக ஒரு வசனமும் கிடையாது.
இளமையில் பன்னிரண்டு வருடம்
நிஜத்திலேயே உள்ளே இருந்தவர்.
எதற்கென்று நாங்கள் கேட்டதில்லை,
கேட்காததை மரியாதை என்று
எண்ணிக்கொண்டிருந்தோம்.

தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்:
"இப்படியெல்லாம் முறைக்கமாட்டான்.
முதலில் பையன்மேலிருந்து போர்வையை எடுப்பான்.
உதறுவான்.
நான்காக மடிப்பான்.
ஓரம் சேராவிட்டால் பிரித்து, மறுபடியும்.
கால்மாட்டில் வைப்பான்.
அப்புறம்தான் மற்றது.
குளிர்காலம் பாருங்கள், நல்ல கம்பளி.
கறை பட்டால் யாருக்கும் ஆகாது."

வால்டெமார் மடித்தார்.
ஓரம் சேரவில்லை.
பிரித்தார், மடித்தார்.
கத்தி கேமராவுக்குள்ளேயே வரவில்லை.
ஒலிப்பதிவுப் பெண் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு
கொக்கிகளுக்கு நடுவே நடந்து
வெளியே போய் நின்றுகொண்டாள்.

அது ஒளிபரப்பான செவ்வாய் இரவு
எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும்
டிவி ஓடிற்று, ஒருவரும் பேசவில்லை.
எதிர்வீட்டுக்காரி எழுந்து
பிள்ளையின் அறை விளக்கைப் போட்டாள்.

எலூதேரியோவுக்கு
அரை நாள் கூலி சேர்த்துக் கொடுக்கக்
கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன்.
புதன்கிழமை வரவில்லை.
வியாழனும் வரவில்லை.
உடுப்பு ஆணியில் கிடந்தது,
சட்டைப்பையில் ஒரு பேருந்துச் சீட்டு.

சாமான்களை எடுத்துவைக்கையில்தான் உறைத்தது.
பூட்டிய அறை. நடுராத்திரி.
அந்தப் போர்வை மடிபடுவதைப்
பார்க்க இருந்தவர்கள் இரண்டே பேர்.
ஒருவன் விடியும்வரை இல்லை.

ஒன்பதாம் கத்திக்குச் சீட்டு எழுதியாயிற்று.
போர்வைக்கு என்ன எழுத?
அது வாடகைப் பொருள்.
சலவை வேண்டியதில்லை, கறையில்லை.
நான்கு ஓரமும் ஒரு நூலிழை பிசகவில்லை.
அப்படியே பையில் வைத்துக்
கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாடகைக்கடைப் பையன்
கிழிசல் இருக்கிறதா பார்க்கணும், என்கிறான்,
பிரித்துக் காட்டுங்கள்.