இருபத்து மூன்று குலை

பகாவ் கடைத்தெருவில்
அடகுக்கடைக்கும் டயர்க்கடைக்கும் நடுவே
ஹபீஸ் சூஷிக் கடை திறந்தபோது
மூன்று மாதம் தாங்காது என்றார்கள்.
இது இரண்டாம் வருடம்.
ஜொகூரில் மூடிப்போன கடையொன்றிலிருந்து
மலிவாக வாங்கிவந்த சுழல்பட்டை,
ஒரு மூலையில் மட்டும் கடக்கென்று விக்கும்.
நான் உட்காருவது அங்கேதான்.
தட்டுகள் அந்த இடத்தில்
கொஞ்சம் தயங்கிப் போகும்.

சம்பளம் போட்ட வெள்ளிக்கிழமை
மாதத்தில் ஒரே ஒரு முறை
வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு
தனியாக வருவேன்.
தப்புதான்.
கூட்டிவந்தால் நாலு வாயும்
பச்சை மீனா, சீ, என்று மூக்கைப் பிடிக்கும்,
பிறகு என் தட்டிலேயே கை வைக்கும்.

பகலெல்லாம் எனக்கு இதே வேலை.
செம்பனை ஆலையில் தரம் பார்ப்பவள்.
லாரி கொட்டும் குலைகளைக் கம்பியால் புரட்டி
பழுத்தது, பழுக்காதது, அழுகியது.
கறுத்து இறுகி
ஒரு பழம்கூட உதிராமல் கிடந்தால்
ஒதுக்கு.
இங்கே வந்தும் முதல் பத்து நிமிடம்
கண் சும்மா இருக்காது.
வெள்ளரி: இன்னும் பழுக்கவில்லை.
முட்டை: பரவாயில்லை.
சம்பல் நெத்திலி வைத்து ஹபீஸ் சுருட்டியது:
ஜப்பானிலும் இல்லை, எங்கள் வீட்டிலும் இல்லை,
எடு.

அன்று பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தது
சத்தியசீலன்.
மத்தியானம் மூன்று மணிக்கு
அவன் லாரியிலிருந்து இருபத்து மூன்று குலையை
ஒதுக்கியிருந்தேன்.
அப்போது அவன் ஒன்றும் பேசவில்லை.
தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டான்,
அவ்வளவுதான்.
இப்போதும் பேசவில்லை.
குச்சியைப் பிளந்து
சிலும்பு போக ஒன்றோடொன்று தேய்த்தான்.
சோயா புட்டியை அவன் பக்கம் தள்ளினேன்.
அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.
பச்சைக் காய் பச்சைக் காய்தான்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

பட்டை நின்றது.
குளிர்பெட்டி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.
இருட்டுக்குள்ளிருந்து ஹபீஸ் மலாயில் கத்தினான்:
யார் முன்னால் எது நிற்கிறதோ
அது அவர்களுக்கு,
கெட்டுப்போவதற்குள் சாப்பிடுங்கள்.

என் முன்னால் நிற்பது எது?
பதினோரு வருடத்தில்
நிறம் பார்க்காமல் நான் எதையும் முடிவு செய்ததில்லை.
விரலால் தொட்டேன். குளிர்ச்சி. வழுவழுப்பு.
வாயில் போட்டேன்.
ஏதோ மீன், பேர் தெரியாது,
வெண்ணெய் மாதிரி நாக்கில் படிந்து
நல்லாயிருக்கே என்று நினைப்பதற்குள்
பச்சைக் காரம் மூக்குக்குள் ஏறி
கண்ணில் தண்ணீர்.
யாருக்குத் தெரியப்போகிறது இருட்டில்.
பக்கத்திலிருந்து குரல்:
"பழுத்திருக்காக்கா?"

சிரித்ததில் சோறு புரையேறியது.
அவன் அவசரமாகத் தண்ணீர்க் கோப்பையைத் துழாவ
அவனுடைய தட்டு அடுக்கும் என்னுடையதும்
சரிந்து ஒன்றாகிவிட்டது.

வெளிச்சம் வந்தபோது பதினேழு தட்டு.
எது யாருடையது
ஹபீசுக்கும் தெரியாது.
"கணக்கு உங்க வேலதானே, சொல்லுங்க."
எனக்குப் பத்து என்றேன்.
"அவ்ளோவா?" என்று
ஏற இறங்கப் பார்த்தான்.
எட்டாகக்கூட இருந்திருக்கலாம்.
முப்பது வெள்ளியை எண்ணி வைத்தேன்.

வெளியே அவன் லாரி,
பின்னால் அந்த இருபத்து மூன்றும் அப்படியே.
தெருவிளக்கில், பழக்கதோஷம், எட்டிப் பார்த்தேன்.
ஒரு குலையின் அடியில்
இரண்டு பழம் உதிர்ந்து கிடந்தன,
ஆரஞ்சு நிறத்தில்.
பாதைக் குலுக்கலில் உதிர்ந்ததா,
பழுத்து உதிர்ந்ததா,
அல்லது மூன்று மணிக்கே
அங்கேதான் கிடந்ததா.

அவன் பின்னால் வந்து நிற்பதற்குள்
மோட்டாரைக் கிளப்பினேன்.
வாயில் இன்னும் இஞ்சி.
ஓவர்டைம் எப்படி என்று கேட்டால்
வேலை ஜாஸ்தி
என்று சொல்ல வேண்டும்.