கம்பங்கள் நட்ட பிறகு

பீல் நகரில், சரக்குக் கொட்டகையை இடித்த வெளியில்
ஒரு காலையில் பதினான்கு கம்பங்கள் நின்றன.
உச்சியில் மடக்கிய தகரம்,
கூரை எந்தப் பக்கம் திரும்பும் என்று காட்ட.
இங்கே அதுதான் ஒழுங்கு:
கட்டுவதற்கு முன்
கட்டடம் நிறைக்கப்போகும் காற்றை
அளந்து காட்டிவிட வேண்டும்.
முப்பது நாள் அண்ணாந்து பார்க்கலாம்.
ஆட்சேபம் இருந்தால் எழுதலாம்.
முப்பத்தோராம் நாள் வெறுமனே பார்க்கலாம்.

அறிவிப்பு ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.
மூன்றாவது மொழிக்கு நான்,
நிமிடக் கணக்கில்.

பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் கூட்டம்.
பொறியாளர் ஷ்டுடரின் தலைக்கு நேர் மேலே
கூடைப்பந்து வளையம்.
மேசையில் மர மாதிரி;
காய்ந்த பூக்காம்புகளை நட்டு
மரங்கள் என்றார்கள்.
என் வீட்டைத் தேடினேன்.
இருந்தது, தீப்பெட்டி அளவில்,
ஜன்னல் இல்லாமல்.

சைக்கிள் நிறுத்துமிடம் பற்றி
திருமதி ஷொஃபா நாற்பது நிமிடம் பேசினார்.
கூரை போட்டதா, போடாததா,
சரிவு எத்தனை பாகை.
எல்லாம் நியாயம்தான். குறித்துக்கொண்டார்கள்.

கடைசி வரிசையில் சிவபாதம் எழும்பினார்.
ரொட்டித் தொழிற்சாலை மாவு இன்னும் காதோரம்.
"நான் இரவு வேலை.
காலமை ஆறரைக்கு வந்து படுக்கிறனான்.
நீங்கள் ஏழுக்குத் துளைக்கத் தொடங்குவியள்.
எத்தனை வருசம்?"
சொன்னேன்.
"நான்கு," என்றார் ஷ்டுடர். பிறகு, ஆறுதலாக:
"ஆனால் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை
கட்டாய அமைதி."
அதையும் சொன்னேன்.
சிவபாதம் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார்.
ஒரு விரல்தான் மடிந்தது.
யாரோ சிரித்தார்கள்,
சிரிப்பை நான் மொழிபெயர்ப்பதில்லை.

ஏழு வாரம் கழித்துக் கடிதம், நான்கு பக்கம்.
சைக்கிளுக்குக் கூரை உண்டு.
மூன்றாம் பக்கத்தின் அடியில் அவருக்கு ஒரு வரி:
தங்கள் கருத்து கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது.
தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.
"எடுத்து எங்கை வைச்சவையாம்?" என்றார்.

இதற்கெல்லாம் எனக்குக் காசு கிடையாது.
என்றாலும் நகரசபைக்கு அழைத்து
அவர் கேட்டபடியே கேட்டேன்,
ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.
எழுத்தர் எம்ஷ் கொஞ்ச நேரம் பேசவில்லை.
கதிரை தள்ளும் சத்தம், இழுப்பறை திறக்கும் சத்தம்.
நல்ல மனிதர். திரும்பி வந்து சொன்னார்:
"அடுக்கு நான்கு. கோப்பு எழுபத்தொன்று."

சிவபாதம் அதைக் கலண்டரில் எழுதிக்கொண்டார்.
"அப்ப கிடக்குது," என்றார்.
குரலில் கோபமா நிம்மதியா என்று
தொழில் தெரிந்த எனக்கே பிடிபடவில்லை.

பின்னேரம் மூன்று இருபதுக்கு
ஒரு கம்பத்தின் நிழல்
என் சமையலறைத் தொட்டியைக் கடக்கிறது.
ஈர்க்குச்சி அளவுதான்.
பத்து நிமிடத்தில் அடுத்தது வரும்.
கட்டடம் எழும்பினால்
ஒரு குச்சிக்கும் மறு குச்சிக்கும் நடுவே
இப்போது தட்டுக் கழுவும் வெயிலும் நிழலாகும்.

நடுநிலை காப்பேன் என்று
கையெழுத்துப் போட்டவள் நான்.
இருபத்தொன்பதாம் நாள் இரவு
ஒரு பக்கம் எழுதினேன், தமிழில்.
மொழிபெயர்க்க ஆள் தேடவில்லை.
கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையில் இருக்கிறது,
அடுக்கு எண் இல்லாமல்.

ஆறாவது மாடி வரப்போகும் உயரத்தில்
தகரத்தின் மேல் ஒரு காகம்.
காற்றடிக்கிறது, கம்பம் ஆடுகிறது,
அது எழும்பவில்லை.