ஏற்பு வீதம்

வவுனியாவில் ஐந்தரைக்கு ஏறிய பஸ்
மாங்குளச் சந்தியில் என்னை இறக்கிவிட்டுப் போனது.
மல்லாவிவரை பால் பவுசரின் முன்னிருக்கை.
மடியில் வினாக்கொத்து, நாற்பத்திரண்டு பிரதி.
முதலாம் வினா:
புதிய இயந்திரத்தை உங்கள் சங்கம்
முழுமையாக / பகுதியாக / ஏற்கவில்லை.
பொருத்தமானதன் கீழ்க் கோடிடுக.

இயந்திரம் மேசையில் இருந்தது.
ஒரு சிரட்டையளவு பாலை உறிஞ்சி
கொழுப்பு இவ்வளவு, திண்மம் இவ்வளவு,
கலந்த தண்ணீர் இவ்வளவு என்று
துண்டு கக்கும்.
வந்து பதினாலு மாதம். பொலித்தீன் உறை இன்னும் கழற்றவில்லை.
"தூசு" என்றாள் முகாமையாளர் துஷ்யந்தி,
என்னிலும் இரண்டு வயது இளையவள்.

துண்டைக் கம்பியில் குத்துவாள்.
பிறகு லாச்சியைத் திறந்து
நீல மட்டை போட்ட அப்பியாசக் கொப்பியில்
வேறு எதையோ எழுதுவாள்.
கம்பி மாதமுடிவில் கிளிநொச்சிக்குப் போகும்.
கொப்பி போகாது.

நான் எழுதினேன்:
இரட்டைப் பதிவு. பழைய வழக்கத்தை விட மனமில்லை.
குறியீடு: எதிர்ப்பு.
மூன்றாம் நாள் முடிய பதினொரு எதிர்ப்பு சேர்ந்திருந்தது.
சந்தோசமாக நித்திரை கொண்டேன்.
எதிர்ப்பில்லாத ஆய்வேடு
உப்பில்லாக் கஞ்சி.

ஐந்தாம் நாள்
இராசமலரின் கானைத் திறந்தார்கள்.
திண்மம் 7.1. தண்ணீர் ஒன்பது வீதம்.
விதிப்படி திருப்பி அனுப்ப வேண்டும்.
வரிசையில் பதினைந்து பேர்.
துஷ்யந்தி துண்டை நாலாய் மடித்தாள்,
"அடுத்தாள்" என்றாள்.
இராசமலர் வெறுங்கானை எடுத்துக்கொண்டு
யார் முகத்தையும் பாராமல் சைக்கிளுக்குப் போனாள்.

பின்னேரம் ஸ்கூட்டியின் பின்னால் நானும் இருந்தேன்.
யோகபுரத்துக்கும் அப்பால், ஆவணி வெயிலில்
நீர் வற்றிப் பாளம் பிளந்த குளத்தோரம்
ஒரு மாடு வைக்கோலைச் சப்பிக்கொண்டிருந்தது.
வைக்கோல் மட்டும். ஆறு கிழமையாய்.
தண்ணீர் விட்டவர் யாருமில்லை.
பட்டினி கிடக்கும் மாட்டின் பாலும்
இயந்திரத்துக்குத் தண்ணீர்தான்.

நீலக் கொப்பி அங்கேதான் விரிந்தது.
தேதி, இலக்கம், வீடு.
புண்ணாக்கு அரை மூட்டை, கடன்.
மிருக வைத்தியருக்குச் சொன்னது: செவ்வாய்.
அப்படி அறுபது பக்கம்.
வாங்கித் தந்தவர்களின் கையேட்டில்
இந்த வேலை எங்குமே இல்லை.
பாலைப் பிடிக்க வந்த பொறியை
இவள் காய்ச்சல் பார்க்க வைத்திருக்கிறாள்.

"அப்ப ஒருத்தரும் தண்ணி விடுறேல்லையோ?"
"ஏன் விடாமல்? நடராசா விட்டவர்.
அதுவும் கொப்பியில இருக்கு."

திரும்பும் வழியில் கேட்டாள்:
"நீங்கள் எழுதுறதை மேலிடம் வாசிக்குமோ?"
ஆய்வேடுகளை ஒருவரும் வாசிப்பதில்லை என்றேன்.
வாழ்க்கையில் முதல்தடவையாக
அந்த உண்மை யாருக்கோ ஆறுதலாயிருந்தது.

அறைக்கு வந்து அழித்தேன், பதினொன்றையும்.
அழித்த இடத்தில் தாள் மெலிந்து
மறுபக்க எழுத்துத் தெரிந்தது.
வேறு பெயர் வரவில்லை.
'தகவமைப்பு' என்று எழுதிப் பார்த்தேன்,
இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது.
முதலாம் வினாவில்
'முழுமையாக'வின் கீழ்க் கோடு போட்டேன்.
கை கொஞ்சம் நடுங்கியது.
அது பொய்யில்லை. உண்மையும் அவ்வளவில்லை.

ஐப்பசியில் என் ஐந்தாம் அத்தியாயம்
சிவப்பு மையோடு திரும்பி வந்தது.
'மாதிரி சிறிது. விதிவிலக்கிலிருந்து
பொதுமுடிவுக்குப் பாயாதீர்.'
சரிதான்.
கன்ரீனில் ஆறிப்போன பிளேன்ரீயோடு
அதை மூன்றாம் தரம் வாசித்தபோது
வெளியே மழை பிடித்தது.
போன் அதிர்ந்தது. துஷ்யந்தி.
சுகமா என்றில்லை, வணக்கம் இல்லை,

இராசமலர் 8.4