பிரதிகள்: நான்கு

வேட்பாளர் எங்கள் கேற்றடியில்
செருப்பைக் கழற்றினார்.
பரவாயில்லை, போட்டுக்கொண்டே வாங்கோ
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

உள்ளறையில் அப்பா
ரீவியின் சத்தத்தைக் குறைத்தது கேட்டது.
கச்சேரி வாசலில் அரைநாள் நின்று
வியர்வையில் மை கரைந்த விண்ணப்பத்தை
அப்படியே திருப்பிக் கொண்டுவந்த மனிசன்.
"நாளைக்கு வாங்கோ" என்பதை
மூன்று மொழியிலும் கேட்டிருக்கிறார்.

இப்போது வீதி அபிவிருத்திச் சங்கத்தில்
நாற்பத்தியொரு வீடு.
நீர் வழங்கல் சபையில் இருவர், வங்கியில் மூவர்,
ரியூசன் நடத்தும் அருமைத்துரை,
நஸ்மியா ரீச்சர்,
சீனன்குடா மா ஆலையில் போர்மன் ரஞ்சித்.
லீசிங் முடியாத ஒரு வாகனமாவது
எல்லார் கேற்றுக்குள்ளும் நிற்கிறது.
நான் செயலாளர்.
நகரசபையில் எனக்கொரு பட்டமுண்டு:
'அடியில நாலு பிரதி போடுற அம்மா.'

முதற் கடிதத்துக்கு விளக்கு வந்தது.
இரண்டாவதுக்குக் கான் வெட்டினார்கள்.
மான்கள் பிய்த்துத் தின்னும் குப்பைக்கு
கிழமையில் இருமுறை உழவு இயந்திரம்.
மரியாதையாகத்தான் எழுதுவேன்:
"எமது வீதியின் இருநூற்றுப் பன்னிரண்டு
வாக்காளர்களும் தங்கள் பதிலை
ஆவலுடன் எதிர்பார்த்திருக்கின்றனர்."

நாலாவது,
சந்தியில் மீன் விற்பவர்களைப் பற்றியது.
மணம். இலையான். வாகன நெரிசல்.
'சுகாதாரம்' என்ற சொல்லை
மூன்று இடத்தில் வைத்தேன்.
பதினொரு நாளில்
சந்தி கழுவிக் கிடந்தது.
ஒரு செதிலும் இல்லை.

வேட்பாளர் பிளேன்ரீயை முழுதாகக் குடித்தார்.
எங்கள் பட்டியலை மடித்து
நெஞ்சுப் பையில் வைத்தார்.
"நீங்கள் சொன்னால் சரிதானே, மிஸ்"
என்று எழும்பினார்.

அவருடைய வாகனம் திரும்ப இடம்விட்டு
மதிலோடு ஒதுங்கி நின்றாள் செபமாலை,
தலையில் பேசினோடு.
சந்தி போனதிலிருந்து
வீடு வீடாகத்தான் வருகிறாள்.
பாரைத் துண்டை நிறுத்து வைத்துவிட்டு
குரலைத் தணித்துக் கேட்டாள்:

"பிள்ளை, நீங்க எழுதினா
உடன நடக்குமாம் எண்டு சொல்லுறாங்க.
எங்களுக்கும் ஒரு கடிதம்.
பழைய இடத்திலயே இருந்து விக்க."

பேனா என் கையில்தான் இருந்தது,
கூட்டத்தில் குறிப்பெடுத்தது.
யாருக்கு என்று தெரியும்.
பிரதிகள் நாலு பேரின் பதவியும் விலாசமும்
பாராமல் எழுதுவேன்.
கடைசியில் வைக்கவேண்டியது
ஒரே கையெழுத்து,
அங்கே கோப்பில் ஏற்கெனவே இருப்பது.

காசை நீட்டினேன்.
"வேண்டாம், பிள்ளை" என்றாள்.
"நாளைக்கு வாங்கோ" என்றேன்.

உள்ளேயிருந்து அப்பா கேட்டார்:
"பாரை கிலோ எவ்வளவாம்?"