மாற்றமில்லை

திபிலிசியில், மலையடிவாரத்தில், சோலோலாக்கி.
தெருக்கள் நேராகத்தான் தொடங்குகின்றன,
கட்டம் போட்ட நோட்டில் கீறியதுபோல்.
பிறகு மலை லேசாகத் தோளைக் குலுக்க
அளவுகோல் கைநழுவி
படிக்கட்டாகிவிடுகிறது தெரு.

முன்பு இது அரசர்களின் தோட்டமாம்.
தோட்டத்துக்குப் பாய்ந்த ஓடையை மூடி
அதன்மேல் வீடு கட்டினார்கள் வியாபாரிகள்.
ஓடை எங்கும் போய்விடவில்லை.
பின்னிரவில் ரொட்டிக்கடை எதிரே
இரும்பு மூடியில் காதை வைத்தால்
கீழே யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.

நகராட்சியில் விரிசல் அளப்பவள் நான்.
விரிசலுக்குக் குறுக்கே விரற்கனத்தில்
ஜிப்சம் பட்டை பூசி
ஈரம் காயுமுன் ஆணியால் தேதி கீறுவேன்.
மூன்று மாதம் கழித்து வருவேன்.
பட்டை முழுசாக இருந்தால் வீடு நிற்கிறது.
பிளந்திருந்தால்
வீடு நடக்கத் தொடங்கிவிட்டது.

ஒவ்வொரு தெருவுக்கும் மூன்று பெயர்.
கடிதம் மூன்றாவதற்கு வரும்.
டாக்சிக்காரரிடம் இரண்டாவதைச் சொல்ல வேண்டும்.
முதல் பெயர் வாசல் கம்பியில் துருப்பிடித்துக் கிடக்கிறது,
அதைக் கேட்டு யாரும் வருவதில்லை.

தெருப்பக்கம் கல்லில் திராட்சைக்கொத்து, சிங்கத்தலை,
வாசல் தரையில் துண்டுக்கல் பதித்த வரவேற்பு
இங்கே யாரும் பேசாத லத்தீனில்.
முற்றத்துக்குள் போனால்
வீடு சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும்:
மர பால்கனிகள், சுருள் படி, ஒரே குழாய்,
நான்கு பூட்டுடன் ஒரு கழிப்பறை,
கீழ்வீட்டு ஜுஜுனா நட்டு
மூன்றாம் மாடியில் மட்டும் காய்க்கும் திராட்சைக்கொடி.
(அந்த வழக்கு இருபத்தாறு வருடமாக நடக்கிறது,
ஜன்னல் வழியாக.)

பதினொன்றாம் எண், இரண்டாம் மாடி.
நடனக்கூடமாக இருந்ததைப் பலகை அடித்து
நான்கு குடும்பத்துக்குப் பிரித்தார்கள்.
கூரையில் இருந்த தேவதையையும் சேர்த்து.
முகம் நோதாருக்கு. பாதம் ஒரு மாணவனுக்கு.
வர்திதேருக்கு ஒரே ஒரு இறக்கை,
அதன் கீழே கட்டில்,
கட்டிலை ஒட்டிய சுவரில் என் விரிசல்.

இந்த முறையும் பட்டை முழுசாக இருந்தது.
தொட்டேன். குளிர்ந்தது.
ஜூலை பதினேழு என்று கீறியிருந்தது.
நான் ஏழு எழுதினால் இடுப்பில் ஒரு கோடு இருக்கும்,
பள்ளியில் அடி வாங்கிப் பழகியது.
இந்த ஏழு மொட்டையாக நின்றது.

வர்திதேர் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.
நகக்கண்ணில் வெள்ளை.
"மாவு பிசைந்தேன்" என்றாள், நான் கேட்காமலே.
பிறகு ஒன்பதாம் எண் வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசினாள்.
புறநகரில் பதினான்காவது மாடியாம்.
லிஃப்ட் இருக்கிறதாம், வெந்நீர் இருக்கிறதாம்.
"சண்டைக்குக் கூப்பிட எட்டுகிற தூரத்தில்
ஒரு ஆள் இல்லையாம்."
ஒன்பதாம் எண்ணில் இப்போது தகரவேலி,
வேலியில் ஓட்டலின் படம்,
படத்தில் மர பால்கனி.

பட்டையைத் தாண்டி மேலே போகும் விரிசலுக்குள்
நகத்தை நுழைத்துப் பார்த்தேன்.
போன முறை நுனி மட்டும் போனது.
பையில் பதிவேடு.
காபி ஆறிக்கொண்டிருந்தது.
பலகைக்கு அந்தப் பக்கம் நோதார்
இருமுவதை நிறுத்தியிருந்தார்.

எழுதினேன்: மாற்றமில்லை.
அடுத்த பக்கத்தில்: ஓடைப்பக்கச் சுவருக்கு
இரும்புத் தாங்கல் தேவை, அவசரம்.
இரண்டையும் ஒரே அதிகாரி படிக்கமாட்டார்,
எங்கள் அலுவலகத்தை எனக்குத் தெரியும்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன்,
"ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுங்கள்."
அவள் அசையவில்லை.
"கட்டிலையும் அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள்."

சுருள் படியில் இறங்கி
முற்றத்தைக் கடக்கும்போது
மேலே
கட்டில்கால் தரையை உரசும் சத்தம்,
கூடவே நோதாரின் குரல்:
"தூக்கு, தூக்கு, இழுக்காதே,
வீடு ஆடுது."